வைக்கோற்போரில் ஊசி

வலைப்பக்கம் ஒன்றைத் திறக்கிறோம். எழுத்துகள் உடனே தோன்றுகின்றன; படங்களுக்குரிய இடங்களோ வெண்கட்டங்களாகவே நிற்கின்றன. இத்தாமதத்திற்கு இணைய இணைப்பை மட்டும் குறைகூறுவது வழக்கம். படத்தைச் சேமித்த முறையும் எடுத்தனுப்பும் முறையும் பலவேளைகளில் உண்மைக் காரணங்களாக இருக்கின்றன.

எங்கே வைப்பது?

வலைச்செயலி ஒன்று படங்களை இருவகையாகச் சேமிக்கலாம். தனிக் கோப்புகளாக வட்டில் வைத்து, அவற்றின் பெயரை மட்டும் தரவுத்தளத்தில் குறிப்பது ஒருவகை. படத்தின் பைட்டுகளையே தரவுத்தள அட்டவணையில் ‘பிளாப்’ எனப்படும் புலத்தில் வைப்பது மற்றொரு வகை. இரண்டாம் வகையில், ஒரு நூலகத்தின் நூற்பட்டியலையும் அட்டைப்படங்களையும் ஒருசேரக் காப்புநகல் எடுக்கலாம். பதிவு இருந்து படம் தொலைந்துபோகும் நிலை நேராது.

எது விரைவானது? மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவின் ஜிம் கிரேயும் உடன் ஆய்வாளர்களும் 2006ஆம் ஆண்டு இதனைச் சோதித்தனர். அவர்கள் பயன்படுத்திய மென்பொருள்களில் 256 கிலோபைட்டிற்குக் குறைந்தவை தரவுத்தளத்திலும், 1 மெகாபைட்டிற்கு மேற்பட்டவை கோப்புகளாகவும் இருப்பதே நன்று எனத் தெரியவந்தது. ஆகவே, தரவுத்தளத்தில் படம் வைப்பதே பிழை என்னும் பரவலான கருத்து முழு உண்மையன்று.

எவ்வாறு எடுப்பது?

பிழை பெரும்பாலும் கேட்கும் முறையில் நேர்கிறது. நூறு நூல்களின் தலைப்புகளை மட்டும் காட்ட வேண்டிய பக்கம், அட்டவணையின் எல்லாப் புலங்களையும் கேட்டால் படங்களும் உடன் வந்துவிடும். படம் ஒன்றுக்கு 100 கிலோபைட் எனக் கொண்டால், ஏறத்தாழ 10 மெகாபைட் வீணே படிக்கப்படும். படங்களைத் தனி அட்டவணையில் வைத்து, ஒவ்வொன்றிற்கும் தனி இணைய முகவரி வழங்கினால் இவ்வீண்செலவு நீங்கும்.

படத்தின் அளவும் கருதத்தக்கது. அலைபேசியில் எடுத்த 4000 × 3000 படப்புள்ளிகள் கொண்ட படத்தை 200 × 150 அளவில் காட்ட, அதன் நானூற்றில் ஒரு பங்கு புள்ளிகளே போதும். படத்தைப் பதிவேற்றும்போதே சிறுவடிவம் ஒன்றை உருவாக்கிச் சேமித்தல் வேண்டும். பார்வையாளர் வரும்போதெல்லாம் சுருக்கிக்கொண்டிருப்பது சேவையகத்திற்கு வீண்சுமை.

இனி, ஒருமுறை அனுப்பிய படத்தை மீண்டும் அனுப்பாதிருக்கும் வழியைக் காண்போம். படத்துடன் ‘ஈடேக்’ என்னும் அடையாளக் குறி ஒன்றையும் சேவையகம் அனுப்புகிறது. உலாவி இரண்டையும் சேமித்துக்கொள்கிறது. அடுத்த முறை, “இக்குறியுடைய படம் என்னிடம் உள்ளது, மாறியிருக்கிறதா?” என்னும் பொருளில் கேட்கிறது. மாறவில்லையெனில், 304 என்னும் எண்ணை மட்டும் சேவையகம் விடையாகத் தரும். படம் பயணம் செய்வதில்லை. இங்கு நுட்பமான ஒரு பிழைக்கு இடமுண்டு. அக்குறியைக் கணக்கிட, கேட்கும்போதெல்லாம் முழுப்படத்தையும் தரவுத்தளத்திலிருந்து படித்தால், இணைப்பின் சுமை குறையுமேயன்றித் தரவுத்தளத்தின் சுமை குறையாது. குறியை முன்னரே கணக்கிட்டுத் தனிப்புலத்தில் வைத்தல் வேண்டும்.

அக்குறியைப் படத்தின் முகவரியிலேயே சேர்த்துவிட்டால், உலாவி கேட்கவும் வேண்டியதில்லை. படம் மாறினால் முகவரியும் மாறும். எனவே பழைய முகவரிக்கு ஓராண்டு, அதாவது 3,15,36,000 நொடிகள், ஆயுள் தரலாம். ஒருவருக்கு மட்டும் உரிய மதிப்பெண் சான்றிதழ் போன்ற படங்களைப் பலருக்கும் பொதுவான இடைச்சேமிப்பில் தங்கவிடுதல் கூடாது. விரைவை நாடி மந்தணத்தை இழக்கும் பிழை இங்கேதான் நேரும்.

பழைய படங்கள்

இடைச்சேமிப்பு, பலரும் பார்க்கும் படங்களுக்கே உதவும். எவரோ ஒருவர் என்றோ ஒருநாள் தேடும் பழைய படத்திற்கு வட்டைத்தான் நாட வேண்டும். இச்சிக்கலை ஃபேஸ்புக் நிறுவனம் பேரளவில் எதிர்கொண்டது. 2010ஆம் ஆண்டு அதன் பொறியாளர்கள் வெளியிட்ட ஆய்வுரையின்படி, அங்கே 26,000 கோடிக்கு மேற்பட்ட படக்கோப்புகள் இருந்தன. தொடக்கத்தில் ஒரே அடைவில் ஆயிரக்கணக்கான கோப்புகள் இருந்தமையால், ஒரு படத்தைப் படிக்க வட்டு பத்து முறைக்கு மேல் இயங்க நேர்ந்தது. அடைவுகளைச் சிறிதாக்கியபின் அது மூன்றாகக் குறைந்தது. அம்மூன்றிலும் ஒன்றே படத்தைப் படிப்பதற்கு. மற்ற இரண்டும் படம் இருக்குமிடத்தைத் தேடுவதற்கு!

ஆகவே, படத்திற்கொரு கோப்பு என்னும் முறையையே அவர்கள் கைவிட்டனர். எண்ணற்ற படங்களை 100 கிகாபைட் அளவுள்ள பெருங்கோப்பு ஒன்றில் அடுத்தடுத்து எழுதினர். ஒவ்வொரு படமும் எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளமுடையது என்னும் குறிப்பை மட்டும் கணினியின் முதன்மை நினைவகத்தில் வைத்தனர். அமைப்பிற்கு வைக்கோற்போர் என்னும் பொருள்படும் ‘ஹேஸ்டேக்’ எனவும், அதனுள் இருக்கும் ஒவ்வொரு படத்திற்கும் ஊசி எனவும் பெயரிட்டனர். அதன்பின், எவ்வளவு பழைய படமாயினும் அதனைப் படிக்க வட்டு பெரும்பாலும் ஒரே முறை இயங்கினால் போதும் என்றாயிற்று.