துருவேறி இறுகிய பிரேக் டிஸ்க்கைக் கழற்றும் முறை

காய்கறி, பால், உரம் முதலியவற்றை ஏற்றிச் செல்லச் சிறிய சரக்கு வண்டியோ பழைய காரோ வைத்திருக்கும் விவசாயிகள் பலர். இத்தகைய வண்டிகள் பெரும்பாலானவற்றில் முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் உள்ளது. டிஸ்க் தேய்ந்தால் மாற்றியாக வேண்டும். ஆனால் போல்ட்டுகளைக் கழற்றிய பிறகும் டிஸ்க் அசைய மறுப்பது உண்டு. ஓங்கி அடித்தால் சக்கரத்தின் பேரிங் கெட்டு, செலவு இரட்டிப்பாகும். முறை தெரிந்து பொறுமையாகச் செய்தால் வீட்டிலேயே கழற்றிவிடலாம்.

இறுகுவது ஏன்?

டிஸ்க் வார்ப்பிரும்பால் ஆனது. அது ஹப்பின் நடுமேட்டில் நெருக்கமாகப் பொருந்தி உட்காருகிறது. அந்த இடுக்கில் ஈரம் புகுந்தால் துரு உண்டாகிறது. துருவானது இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால், ஆப்பு அடித்ததுபோல் இரண்டையும் இறுக்கிவிடுகிறது. சேற்று வயலில் இறங்கும் வண்டி, கடலோர உப்புக்காற்றில் நிற்கும் வண்டி, பொட்டாஷ் போன்ற உரமூட்டை ஏற்றும் வண்டி ஆகியவற்றில் துரு விரைவில் ஏறும்.

முன்னேற்பாடு

வண்டியைச் சமமான, கெட்டியான தரையில் நிறுத்தவும். கை பிரேக்கை இழுத்து, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் அடைகல் வைக்கவும். முன் சக்கரம் சுழல வேண்டுமாதலால் கியர் நியூட்ரலில் இருக்கட்டும். சக்கரம் தரையில் இருக்கும்போதே வீல் நட்டுகளைச் சற்றுத் தளர்த்தி, பிறகு ஜாக்கியால் தூக்கவும். தூக்கியதும் சட்டத்தின் உறுதியான பகுதியில் ஸ்டாண்டு கொடுப்பது கட்டாயம். ஜாக்கியை மட்டும் நம்பியோ, செங்கல்லை அடுக்கியோ வேலை செய்வது உயிருக்கே ஆபத்து.

சக்கரத்தைக் கழற்றியபின் காலிப்பர், பேடுகள், காலிப்பரைத் தாங்கும் சட்டம் ஆகியவற்றை எடுக்கவும். காலிப்பரை ரப்பர்க் குழாயில் தொங்கவிடக் கூடாது. கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டி வைக்கவும். காலிப்பர் வெளியே இருக்கும்போது பிரேக் பெடலை மிதித்தால் பிஸ்டன் வெளியே தள்ளிக்கொண்டு வந்துவிடும். பேடுத் தூளை வாயால் ஊதக் கூடாது. பழைய பேடுகளில் கல்நார் இருக்கலாம். ஈரத்துணியால் துடைப்பதே நல்லது.

டிஸ்க்கைக் கழற்றுதல்

1. பல வண்டிகளில் டிஸ்க்கை ஹப்புடன் பிடிக்க ஒன்று அல்லது இரண்டு சிறு திருகாணிகள் இருக்கும். மறவாமல் முதலில் இவற்றை எடுக்கவும். சரியான அளவுள்ள திருப்புளியைப் பொருத்தி, அதன் தலையில் சுத்தியால் இரண்டு மூன்று முறை தட்டியபின் திருப்பினால் எளிதில் வரும்.

2. துரு இளக்கும் எண்ணெயை நடுமேட்டைச் சுற்றியும், வீல் நட் போல்ட்டுகளைச் சுற்றியும் விடவும். அரை மணி நேரம் ஊறட்டும். இரவு முழுவதும் ஊறினால் இன்னும் நல்லது.

3. ஒரு வீல் நட்டை நாலைந்து மரை மட்டும் ஏற்றி வைக்கவும். டிஸ்க் திடீரென விடுபட்டாலும் காலில் விழாது.

4. டிஸ்க்கில் மரை போட்ட இரண்டு துளைகள் இருந்தால், அவற்றின் அளவுக்கு ஏற்ற போல்ட்டுகளைச் செலுத்தி, மாற்றி மாற்றி அரைச் சுற்றாக முடுக்கவும். போல்ட்டுகள் ஹப்பின்மேல் ஊன்றி டிஸ்க்கை வெளியே தள்ளிவிடும்.

5. துளை இல்லையேல், கண்ணாடி அணிந்துகொண்டு, வீல் நட் போல்ட்டுகளுக்கு இடைப்பட்ட பகுதியில் கொட்டாப்புளியால் தட்டவும். ஒரே இடத்தில் அடிக்காமல் எதிரெதிர் இடங்களில் தட்டி, டிஸ்க்கைச் சிறிது சிறிதாகச் சுழற்ற வேண்டும். பலத்தைவிட அதிர்வே துருவை உடைக்கிறது. திரும்பப் பயன்படுத்தும் டிஸ்க்கானால் பேடு உரசும் பகுதியில் அடிபடக் கூடாது.

பின் சக்கர டிஸ்க்கானால், முன் சக்கரங்களுக்கு அடைகல் வைத்தபின், கை பிரேக்கைத் தளர்த்திவிட்டுத்தான் கழற்ற வேண்டும்.

காஸ் விளக்கால் சூடேற்றுவதைத் தவிர்க்கவும். பேரிங்கின் கிரீஸ் உருகும்; ரப்பர்ச் சீல் கருகும்; பிரேக் ஆயில் தீப்பற்றவும் கூடும்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியவை

ஹப்பின் முகத்தில் உள்ள துருவைக் கம்பி பிரஷ்ஷால் முற்றிலும் நீக்கவும். சிறிதளவு துரு தங்கினாலும் டிஸ்க் கோணலாகச் சுழலும். பிரேக் பிடிக்கும்போது பெடல் அதிரும். ஹப்பில் வெப்பம் தாங்கும் கிரீஸை மிக மெல்லியதாகப் பூசினால் அடுத்த முறை கழற்றுவது எளிது. உரசும் பகுதியில் ஒரு துளி கிரீஸும் படக் கூடாது. புதிய டிஸ்க்கில் பூசியிருக்கும் துருத் தடுப்பு எண்ணெயைத் துடைத்தெடுத்த பிறகே மாட்டவும்.

பழைய டிஸ்க்கை மீண்டும் மாட்டுவதானால் அதன் தடிமனை அளந்து பார்க்கவும். குறைந்தபட்சத் தடிமன் பெரும்பாலும் டிஸ்க்கிலேயே மி.மீ. கணக்கில் பொறிக்கப்பட்டிருக்கும், அதற்குக் கீழே தேய்ந்தது உதவாது. புதிது போட்டால் இடம், வலம் இரண்டையும் சேர்த்தே மாற்றுவதும், புதிய பேடுகள் போடுவதும் அவசியம்.

வீல் நட்டுகளை எதிரெதிராக முடுக்கவும். வண்டியைக் கிளப்புமுன் பெடல் கெட்டிப்படும் வரை பலமுறை மிதிக்க வேண்டும். இதை மறந்தால் முதல் மிதியில் பிரேக் பிடிக்காது. பிரேக் ஆயில் அளவையும் பார்த்துவிட்டு, சுமை ஏற்றாமல் மெதுவாக ஓட்டிப் பார்க்கவும். 50 முதல் 100 கி.மீ. ஓடியபின் வீல் நட்டுகளை மீண்டும் ஒருமுறை முடுக்கவும்.

ரப்பர்க் குழாயில் வெடிப்போ, ஆயில் கசிவோ, பேரிங்கில் இரைச்சலோ இருந்தால் அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் காட்டிய பிறகே வண்டியைச் சாலையில் எடுக்க வேண்டும்.