எடை குறைப்பு சர்ஜரிக்குப் பிறகு மேல்வயிற்று வலி... 'கேஸ்' என்று விட்டுவிடலாமா?

பேரியாட்ரிக் எனப்படும் எடை குறைப்பு அறுவை சிகிச்சை முடிந்து நாலைந்து மாதம் ஆகியிருக்கும். எடை மளமளவென்று இறங்கி, பழைய சட்டையெல்லாம் தொளதொள. அப்போது ஒருநாள் சாப்பிட்ட பிறகு வலதுபக்க விலா எலும்புக்குக் கீழே வலி பிடிக்கிறது. நம்ம ஊரில் இதற்கு முதல் வைத்தியம் சோடா, அடுத்து மெடிக்கலில் ஒரு கேஸ் மாத்திரை. ஆனால் வலி அரை மணி நேரத்துக்கு மேல் நீடித்து, முதுகுக்கோ வலது தோள்பட்டைக்கோ பரவினால் பித்தப்பைக் கல்லாக இருக்கலாம்.

எடை குறைவது நல்லதுதானே, கல் எப்படி வந்தது?

கல்லீரலுக்கு அடியில் இருக்கும் பித்தப்பை, பித்தநீரைச் சேர்த்து வைத்து, கொழுப்புள்ள உணவு வரும்போது சுருங்கி வெளியேற்றும். உடல் கொழுப்பு வேகமாகக் கரையும்போது பித்தநீரில் கொலஸ்ட்ரால் கூடிவிடுகிறது. சாப்பாடோ கொஞ்சம், அதிலும் கொழுப்பு குறைவு. பை சுருங்க வேலையே இல்லை. தேங்கிய நீரில் கொலஸ்ட்ரால் படிந்து கல்லாகிறது. வாரம் ஒன்றரை கிலோவுக்கு மேல் எடை குறைந்தால் ஆபத்து அதிகம். சர்ஜரி செய்யாமல் பட்டினி டயட் இருப்பவர்களுக்கும் இதே கதைதான்.

தடுக்க மாத்திரை உண்டா?

உண்டு. உர்சோடியாக்ஸிகோலிக் அமிலம். 1995-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், பைபாஸ் செய்தவர்களில் ஆறு மாதம் தினமும் 600 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கு 2 சதவீதமே கல் உருவானது. வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கு 32 சதவீதம். 2021-ல் வந்த நெதர்லாந்து ஆய்வு கல்லை மட்டும் எண்ணாமல், கல்லால் தொந்தரவு வந்தவர்களைப் பார்த்தது. அதில் வித்தியாசம் சிறியது: 6.5-க்கு 9.7 சதவீதம். ஆக, இது முழுக் கவசம் அல்ல. ஆனாலும் டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தால், 'நல்லாத்தானே இருக்கேன்' என்று ரெண்டாவது மாதமே நிறுத்துவது சரியில்லை.

பைபாஸ் செய்தவர்களுக்குச் சிக்கல் ஏன் அதிகம்?

வானகரம் பக்கம் பைபாஸ் என்றால் மதுரவாயல் சாலை. மற்றவர்களுக்கு இதய ஆபரேஷன். இங்கே சொல்வது இரைப்பை பைபாஸ். கல் நழுவிப் பித்தக்குழாயை அடைத்தால், வழக்கமாக வாய்வழியே எண்டோஸ்கோப்பி விட்டு எடுப்பார்கள். பைபாஸில் குடலின் பாதையையே மாற்றி இணைத்திருப்பதால், அந்தக் குழாய் எளிதில் போய்ச் சேராது. வயிற்றில் துளையிட்டு வேறு வழியில் போகவேண்டி வரலாம். இரைப்பையின் அளவை மட்டும் குறைக்கும் ஸ்லீவ் முறையில் இந்தத் தடை இல்லை.

அடைப்பு வந்தால் கண் மஞ்சளாகும், சிறுநீர் அடர் நிறமாகும். உடனே கீழாநெல்லி தேடுவது நம் பழக்கம். கல் அடைத்து வந்த காமாலைக்கு அது உதவாது. காய்ச்சலும் நடுக்கமும் சேர்ந்தால் அன்றைக்கே அவசர சிகிச்சை வேண்டும். கணையம் வீங்கும் ஆபத்தும் உண்டு.

ஸ்கேனில் கல் தெரிந்தும் வலியே இல்லாவிட்டால் பெரும்பாலும் கண்காணித்தாலே போதும். வலி வந்துவிட்டால் லேப்ராஸ்கோப்பி மூலம் பித்தப்பையை எடுப்பதுதான் வழக்கம். அது இல்லாமலும் ஜீரணம் நடக்கும், பயம் வேண்டாம்.

எடை குறைப்பு சர்ஜரி ஓரிடம், அவசரத்துக்குப் போவது போரூரோ அம்பத்தூரோ வேறோரிடம் என்று ஆகலாம். டிஸ்சார்ஜ் சம்மரியைப் போனில் படமெடுத்து வைத்துக்கொண்டு, 'ஸ்லீவா, பைபாஸா' என்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.