மாயக் கம்ப்யூட்டர் வாசலில் காத்துக் கிடக்கும் பைல்கள்

ரஞ்சன்காவ்: புணேயிலிருந்து அகமதுநகர் (இப்போது அகில்யாநகர்) செல்லும் நெடுஞ்சாலையில் சுமார் 50 கிலோமீட்டரில் உள்ளது ரஞ்சன்காவ். அஷ்ட விநாயகர் தலங்களில் ஒன்றான மகாகணபதி கோயில் இங்குதான் இருக்கிறது. ஃபியட், எல்.ஜி. முதலிய ஆலைகள் இயங்கும் தொழிற்பேட்டையும் இவ்வூரில் உண்டு.

எந்தத் தொழிற்பேட்டைக்குப் போனாலும் ஒரு விசித்திரம் கண்ணில் படும். இருபது வருடத்து இயந்திரம் இன்னும் உழைக்கிறது. அதற்கான மென்பொருளோ விண்டோஸ் எக்ஸ்.பி.யில் மட்டுமே ஓடும். எக்ஸ்.பி.யை மைக்ரோசாப்ட் 2014 ஏப்ரலிலேயே கைவிட்டுவிட்டது. எனவே புதிய கம்ப்யூட்டருக்குள் 'விர்ச்சுவல் மெஷின்' என்னும் மாயக் கம்ப்யூட்டர் ஒன்றை உருவாக்கி, பழைய மென்பொருளை அதில் குடிவைக்கிறார்கள். இரண்டுக்கும் பொதுவாக ஒரு போல்டர். அங்கேதான் தொல்லை: பைல்கள் ஆமை வேகத்தில் நகர்கின்றன.

காரணம் பைலின் பருமன் அன்று, எண்ணிக்கை. ஆலை வாசலை நினைத்துக் கொள்ளலாம். ஒரு லாரி நிறையச் சரக்குக்கு ஒரே கேட் பாஸ் போதும். அதே சரக்கைப் பத்தாயிரம் பேர் ஆளுக்கொரு பொட்டலமாகக் கொண்டு வந்தால், ஒவ்வொருவரையும் காவலர் நிறுத்தி விசாரிப்பார். பெயர் என்ன, அளவு என்ன, தேதி என்ன என்று ஒவ்வொரு பைலுக்கும் இரு கம்ப்யூட்டர்களுக்கு இடையே பல முறை கேள்வியும் பதிலும் போய்வருகின்றன. இரு பக்கமும் வைரஸ் தடுப்பு மென்பொருள் சோதனை போட்டால் கேட்கவே வேண்டாம்!

எனவே சிறு பைல்களை ஒரே 'ஜிப்' மூட்டையாகக் கட்டி அனுப்பி, உள்ளே போய் அவிழ்ப்பது எளிய வைத்தியம். தினசரி வேலைக்கான பைல்களை மாயக் கம்ப்யூட்டரின் சொந்த டிஸ்க்கிலேயே வைத்து, முடிவுகளை மட்டும் வெளியே எடுப்பது இன்னும் நல்லது. டேட்டாபேஸைப் பொது போல்டரில் வைத்து இயக்குவது விபரீதம்; பைல் பூட்டு சரியாக விழாவிட்டால் கணக்கே கெட்டுப் போகும். இரு பக்கமும் லினக்ஸ் என்றால் 'விர்ட்டியோ எப்.எஸ்.' கைகொடுக்கும். 2019 நவம்பரில் லினக்ஸ் 5.4 உடன் வந்த இந்த ஏற்பாடு, ஒரே கம்ப்யூட்டருக்குள் இருப்பவர்களுக்கென்றே அமைக்கப்பட்டது. நெட்வொர்க் வழியாகச் சுற்றிப் போவதில்லை.

அவசரக்காரர்கள் வேறொரு குறுக்கு வழியை நாடுவதுண்டு. எக்ஸ்.பி.க்குத் தெரிந்த 'எஸ்.எம்.பி. 1' என்ற பழைய முறையைப் புதிய விண்டோஸில் திறந்துவிட்டு, நெட்வொர்க் மூலம் போல்டரைப் பகிர்ந்து கொள்கிறார்கள். 2017 மே மாதம் 'வான்னகிரை' நுழைந்த ஓட்டை இந்த முறையில் இருந்ததுதான். பிரிட்டனின் ஆஸ்பத்திரிகள் திணறின. சென்னையை அடுத்த ஒரகடம் ரெனோ-நிசான் கார் ஆலையும் தப்பவில்லை. ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் அதே ஆண்டு மார்ச்சில் வெளியிட்டிருந்தும், பலர் அதைப் போட்டுக் கொள்ளவில்லை.

எக்ஸ்.பி. குடியிருக்கும் மாயக் கம்ப்யூட்டருக்கு நெட்வொர்க் இணைப்பைத் துண்டித்துவிட்டு, மென்பொருளோடு வரும் பகிர்வு வசதியை மட்டும் வைத்துக் கொள்ளலாம். மூட்டை கட்டி அனுப்பினால் அந்த வேகமே பெரும்பாலும் போதுமானது.