பாரவூர்திகளும் நகர வீதிகளும்

பாரவூர்திகள் நகரின் நடுவே செல்லுதல் நகரத்தார்க்கு இடர். செல்லாது தடுத்தலோ வாணிகத்துக்கு இடர். இவ்விரண்டினையும் ஒருங்கே தீர்க்க விழைந்த முயற்சிகளுள் அயர்லாந்தின் தலைநகராகிய டப்ளினில் அமைந்த துறைமுகச் சுரங்கவீதி குறிப்பிடத்தக்கது.

அத்துறைமுகத்தில் இறங்கிய சரக்குகள் முன்னர் லிஃபி ஆற்றங்கரைத் தெருக்கள் வழியாகவே சென்றன. 2006 டிசம்பரில் திறக்கப்பட்ட சுரங்கவீதி ஏறக்குறைய 4.5 கிலோமீற்றர் நீளமுடையது. போவதற்கு ஒன்றும் வருவதற்கு ஒன்றுமாக இரு குழாய்களைக் கொண்டது. நடுப்பகுதி பாறையைக் குடைந்து ஆக்கப்பட்டது. இரு முனைகளும் நிலத்தை வெட்டித் திறந்து, பின்னர் மேலே மூடப்பட்டன.

ஆயினும் சுரங்கம் அமைத்த அளவில் தெருக்கள் ஒழிந்துவிடா. ஐந்தோ அதற்கு மேலோ அச்சுக்களையுடைய ஊர்திகள் பகற்பொழுதில் அனுமதியின்றி நகர்நடுவே புகலாகாது என 2007 பெப்ரவரியில் விதிக்கப்பட்டது. பாரவூர்திகளுக்குச் சுரங்கத்தில் கட்டணம் இல்லை, கார்களுக்கே உண்டு. இது தலைகீழான நியாயம் போலத் தோன்றலாம். கார்களும் கட்டணமின்றி நுழையின் சுரங்கம் விரைவில் நிரம்பிவிடும். பாரவூர்திகள் மீண்டும் தெருவையே நாடும். ஆகவே இக்கட்டணம் வருவாயினும் காவலையே பெரிதும் நோக்கியது.

குறைகளும் உள. சுரங்கத்துள் அனுமதிக்கப்படும் உயரம் 4.65 மீற்றராதலின், அதனின் உயர்ந்த ஊர்திகள் நுழைய இயலாமை பெரும் விவாதத்துக்கு இடமாயிற்று. நெருப்பு மற்றோர் அச்சம். 1999 மார்ச்சில் மொன் பிளாங்க் மலைச்சுரங்கத்தில் மாவும் மார்ஜரினும் ஏற்றிச் சென்ற ஒரு லொறியில் மூண்ட தீ 39 உயிர்களைக் கொண்டது. வெடிமருந்தன்று, உணவுப்பொருளே அங்கு எரிந்தது என்பது கருதத்தக்கது.

சென்னை வேறு வழி நாடியது. துறைமுகத்தையும் மதுரவாயலையும் இணைக்கும் உயர்மட்டச் சாலைக்கு 2009 ஜனவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. கூவம் ஆற்றின் நீரோட்டம் தடைப்படும் என 2012இல் மாநில அரசு பணியை நிறுத்தவே, தூண்கள் மட்டும் பல்லாண்டு நின்றன. 2022 மே மாதத்தில் ஈரடுக்குச் சாலையாக அதற்கு மறுபடியும் அடிக்கல் நாட்டப்பட்டது.

இனி வன்னியை நோக்குவோம். கண்டி வீதியாகிய ஏ9 நெடுஞ்சாலை வவுனியா, மாங்குளம், கிளிநொச்சி, பரந்தன் ஆகிய ஊர்களை ஊடறுத்துச் செல்கின்றது. 2002இல் திறந்து, 2006 ஆகஸ்டில் மூடி, போர் முடிந்தபின் மறுபடியும் திறந்த பாதை இது. அது திறக்கக் காத்திருந்த மக்களே இன்று அதனைக் குறுக்கே கடக்க அஞ்சுகின்றனர். கிளிநொச்சியில் கடைத்தெருவும் நெடுஞ்சாலையும் ஒன்றே. மணலேற்றிய டிப்பர்களும், யாழ்ப்பாணத்துக்குச் சரக்கேற்றிய நெடிய லொறிகளும், பாடசாலைப் பிள்ளைகளின் சைக்கிள்களும் அவ்வொரு வீதியையே பங்கிடுகின்றன.

இங்குச் சுரங்கம் வேண்டுமா? வேண்டியதில்லை. நகரின் புறத்தே இடமின்மையாலேயே டப்ளின் நிலத்தின் கீழ் இறங்கியது. வன்னியோ சமநிலம், வவுனியாவின் அடியிலுள்ள பழம்பாறையைக் குடைவதினும் ஊரைச் சுற்றி ஒரு புறவழி இடுதல் மிக எளிது. ஆனால் கிளிநொச்சியில் அவ்வெளிமைக்கும் எல்லை உண்டு. ஊரின் புறத்தே கிடப்பது வெற்றுநிலமன்று. இரணைமடுக் குளத்து வாய்க்கால்களும், அவற்றால் விளையும் வயல்களுமே. உயர்த்திப் போட்ட வீதியொன்று மதகும் பாலமும் போதாது அமையின் மாரியில் வெள்ளத்தை ஒருபுறம் தேக்கி, மறுபுறத்து வயலைக் காயவிடும். கூவத்தின் வழக்கு இங்கும் எழும்.

புகையிரதப்பாதை 2013 செப்டெம்பரில் கிளிநொச்சியையும், 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தையும் மீண்டும் அடைந்தது. தொலைதூரச் சரக்கில் ஒரு பகுதியை அதன்மேல் ஏற்றலாம், மணலை ஏற்றவியலாது. பாடசாலை தொடங்கும் வேளையிலும் விடும் வேளையிலும் டிப்பர்களை ஊரின் எல்லையில் நிறுத்திவைக்கும் நேரவிதியொன்றே அவற்றுக்கு உடனடியாகச் செய்யத்தக்கது. அதற்குக் குடையவேண்டிய பாறை யாதுமில்லை.