பிள்ளையவர்கள் எழுப்பிய வினா



திருவனந்தபுரத்தில் பாளையம் வழியே செல்வோர் பல்கலைக்கழகக் கல்லூரியின் பழைய கட்டடத்தைக் கண்டிருப்பர். முன்னாளில் மகாராஜா கல்லூரி என வழங்கிய அதில் பி.ஏ. பட்டம் பெற்றவர் சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை. 1901-இல் பிறந்த இத்தமிழர் பகா எண்களைப் பற்றி எழுப்பிய ஒரு வினாவே இன்று நம் பொருள்.

ஒன்றாலும் தன்னாலுமன்றிப் பிறிதோர் எண்ணால் மீதியின்றி வகுபடாதது பகா எண். ஆங்கிலத்தார் அதனை ‘பிரைம்’, அதாவது முதன்மையானது, என்பர். தமிழோ அதன் இயல்பையே பெயராக்கிற்று. நாள்தோறும் அரசாங்கக் கோப்புகளை மொழிபெயர்த்து அலுத்த எனக்கு, மூலத்தினும் தெளிவாக அமைந்த இச்சொல் ஓர் ஆறுதல்.

வினாவுக்கு வருவோம். 1 முதல் ஓர் எண் வரை யாவற்றையும் தொடர்ந்து பெருக்கி, விடையோடு 1 கூட்டுக. வந்த தொகையை வகுக்கும் பகா எண் எதுவாயினும், அதனை நாம் பெருக்கலை நிறுத்திய எண்ணால் வகுத்தால் மீதி 1 வருமா?

5 வரை பெருக்கினால் 120. ஒன்று கூட்ட 121. அதை வகுக்கும் பகா எண் 11; அதனை 5-ஆல் வகுக்க மீதி 1. 6 வரை பெருக்கினால் 721, அதாவது 7 × 103. இவ்விரண்டையும் 6-ஆல் வகுக்க மீதி 1. 7 வரை பெருக்கினால் 5041, அதாவது 71 × 71. மீண்டும் மீதி 1. இவ்வளவு கண்டவர் விதி கிடைத்ததென்றே மகிழ்வர். ஆனால் 8 வரை பெருக்கினால் 40321, அதாவது 61 × 661. 61-ஐ 8-ஆல் வகுத்தால் மீதி 5! விதி உடைந்தது.

14 வரை பெருக்கினால் காட்சி இன்னும் விந்தையானது. பெருக்குத்தொகை 8,717 கோடியே 82 லட்சத்து 91 ஆயிரத்து 200. இதில் ஒன்று குறைத்தால் வரும் 87178291199 ஒரு பகா எண். இத்துணைப் பெரிய எண்ணைப் பகுக்க வேறெந்த எண்ணாலும் இயலாது. ஒன்று கூட்டினாலோ 23-ஆல் வகுபட்டுவிடுகிறது: 23 × 3790360487. 23-ஐ 14-ஆல் வகுக்க மீதி 9.

விதியை மீறும் இத்தகையவை இன்று ‘பிள்ளை பகா எண்கள்’ எனப்படும். அவற்றுள் சிறியது 23. அடுத்தவை 29, 59, 61. இவற்றுக்கு முடிவேயில்லை என நிறுவியோருள் எம். வி. சுப்பாராவும் ஹங்கேரி நாட்டுப் பால் எர்டிஷும் உளர். ‘இல்லை’ என்று விடை வந்த வினாவே வினவியவர் பெயரை நிலைநாட்டிற்று.

பிள்ளையவர்கள் 1929 முதல் 1941 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார்; எந்த முழு எண்ணையும் 73-க்கு மேற்படாத ஆறாம் படி எண்களின் கூட்டாக எழுதலாம் என நிறுவியதே, என் கருத்தில், அவருடைய பெருஞ்சாதனை. பின்னர்த் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் ஓராண்டு. அதன்பின், நம்மில் பலரைப் போலவே, பிழைப்பிடம் தொலைவாயிற்று: கல்கத்தா. 1950-இல் பிரின்ஸ்டன் உயராய்வு நிலையம் அவரை ஓராண்டுக்கு அழைத்தது. ஹார்வர்டில் கூடிய உலகக் கணித மாநாட்டிலும் கலந்துகொள்ளப் புறப்பட்டார். ஆகஸ்டு 31-ஆம் நாள் எகிப்து நாட்டில் விமானம் வீழ்ந்தது. அப்போது அவருக்கு வயது 49.