கார் நடுங்குவது ஏன்?

சிவப்பு விளக்கு எரிகிறது. கார் நிற்கிறது. ஆனால் சும்மா நிற்கவில்லை. குளிர் காய்ச்சல் வந்தவனைப் போல நடுங்குகிறது! ஸ்டியரிங் கையில் அதிர்கிறது. கதவுக் கண்ணாடி 'கடகட' என்கிறது.

பச்சை விளக்கு விழுகிறது. ஆக்சிலேட்டரை மிதிக்கிறீர்கள். கார் பாயவில்லை. வெட்டி வெட்டி இழுக்கிறது. பின்னால் இருக்கும் பாட்டியின் தலை முன்னும் பின்னும் ஆடுகிறது.

பட்டறையில் இதை 'மிஸ்ஸிங்' என்பார்கள். அது என்ன மிஸ்ஸிங்?

பல்லக்குத் தூக்கிகள்

நம் ஊர்ப் பெட்ரோல் கார்களுக்குப் பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு சிலிண்டர்கள். நாலு பேர் பல்லக்குத் தூக்குகிறார்கள் என்று வைத்துக் கொள்ளுங்கள். ஒருவனுக்குக் கால் இடறினால் பல்லக்கே குலுங்கும் அல்லவா? அதே கதைதான் இங்கும்.

ஒவ்வொரு சிலிண்டருக்கும் காற்று வேண்டும். பெட்ரோல் வேண்டும். சரியான நேரத்தில் நெருப்புப் பொறி வேண்டும். 1 கிலோ பெட்ரோல் நன்றாக எரிய ஏறக்குறைய 15 கிலோ காற்று தேவை. இந்த அளவு மாறினாலும் கோளாறு, பொறி தவறினாலும் கோளாறு.

கார் நிற்கும்போது என்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 800 சுற்று சுற்றும். நான்கு சிலிண்டர் என்றால், அந்த ஒரு நிமிடத்தில் 1,600 முறை பெட்ரோல் எரிந்தாக வேண்டும். ஒரு சிலிண்டர் படுத்துவிட்டால் 400 முறை குறைந்துபோகும். நடுங்காமல் என்ன செய்யும்?

(மூன்று சிலிண்டர் கார் புதிதாக இருக்கும்போதே சற்று அதிரும். அது நோய் அல்ல. அதன் சுபாவம்!)

மைத்துனர் பட்ட பாடு

என் மைத்துனர் ஒரு பழைய கார் வாங்கினார். குடும்பத்தோடு திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்குப் புறப்பட்டார். வழியில் ஒரு லாரியை முந்தப் போனார். ஆக்சிலேட்டரை அழுத்தினார். கார் உதறியது, வேகம் பிடிக்கவில்லை. எதிரே பஸ்! நல்ல வேளை, லாரி டிரைவர் வேகத்தைக் குறைத்து வழி விட்டார். காரில் மூன்று குழந்தைகள் இருந்தார்கள்.

ஊர் திரும்பியதும் ஒரு பட்டறைக்குப் போனார். "பெட்ரோல் பம்பு போய்விட்டது" என்றார்கள். மாற்றினார்கள். நடுக்கம் போகவில்லை. "இஞ்செக்டரைக் கழுவ வேண்டும்" என்றார்கள். கழுவினார்கள். அப்போதும் போகவில்லை. செலவு 14,000 ரூபாய்!

பிறகு வேறு ஒரு வயதான மெக்கானிக்கிடம் போனார். அவர் எதையும் கழற்றவில்லை. முதலில் கேள்வி கேட்டார். "நிற்கும்போது மட்டுமா? ஓடும்போதுமா? மேட்டில் அதிகமா?"

இரண்டிலும்தான் என்றார் மைத்துனர்.

ஸ்கேனர் கருவியைக் காரில் சொருகினார். 'பி 0302' என்று காட்டியது. இரண்டாவது சிலிண்டர் சரியாக எரியவில்லை என்பது அதன் பொருள். பலர் இதைக் கண்டதும் பிளக்கை மாற்றுவார்கள், காயிலை மாற்றுவார்கள், எல்லாவற்றையும் மாற்றுவார்கள். பெரியவர் அப்படிச் செய்யவில்லை. என்ஜினை நிறுத்தினார். இரண்டாவது சிலிண்டரின் காயிலை எடுத்து மூன்றாவதில் வைத்தார். மூன்றாவதை இரண்டாவதில் வைத்தார். பழைய குறியை அழித்துவிட்டுக் காரை ஓட்டிப் பார்த்தார். இப்போது 'பி 0303' வந்தது!

கோளாறு காயிலோடு கூடவே போய்விட்டது. ஆகவே குற்றவாளி காயில்தான். ஒரே ஒரு காயில் மாற்றினார். நடுக்கம் நின்றது. கோளாறு இரண்டாவதிலேயே நின்றிருந்தால்? அடுத்து பிளக்கை இப்படி மாற்றிப் பார்த்திருப்பார். அதன் பிறகுதான் இஞ்செக்டர்.

எப்போது நடுங்குகிறது?

பெரியவர் கேட்ட கேள்விகளை நாமும் கேட்கலாம்.

நிற்கும்போது நடுக்கம், வேகமாகப் போனால் சரியாகிவிடுகிறது என்றால், காற்றுப் பாதையைப் பாருங்கள். ரப்பர் குழாய் எங்கேனும் வெடித்திருக்கும். 'உஸ்' என்று சத்தம் கேட்கும். அல்லது காற்று நுழையும் திராட்டிலில் கரி படிந்திருக்கும். இவற்றைச் சரிசெய்யச் செலவு அதிகம் ஆகாது.

நிற்கும்போது சாது, மேட்டில் ஏறும்போது மட்டும் வெட்டுகிறது என்றால், பிளக், காயில் மேல் சந்தேகம். பெட்ரோல் பில்டர் அடைத்திருந்தாலும் இப்படித்தான்.

என்ஜின் சத்தம் சீராக இருக்கிறது, காரின் உடல்தான் ஆடுகிறது என்றால், என்ஜினைத் தாங்கும் ரப்பர் கட்டை தேய்ந்திருக்கும். பிளக்கை மாற்றிப் பயன் இல்லை.

பிளக்கைக் கழற்றினால் அதன் முனையைப் பாருங்கள். இளம் பழுப்பு நிறமா? நல்லது. கறுப்புக் கரியா? பெட்ரோல் அதிகம், அல்லது காற்று குறைவு. பெட்ரோலில் நனைந்திருக்கிறதா? பொறி விழவில்லை. என்ஜின் நன்றாக ஆறிய பிறகே கழற்ற வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. என்ஜின் ஓடும்போதே பிளக் ஒயரை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்ப்பது பழைய வழக்கம். இன்றைய காரில் அது வேண்டாம். 12 வோல்ட் மின்சாரத்தைக் காயில் பல்லாயிரம் வோல்ட்டாக உயர்த்துகிறது. அது ஆளையும் அடிக்கும், காரில் உள்ள கம்ப்யூட்டரையும் கெடுக்கும்.

கண் சிமிட்டும் விளக்கு

டாஷ்போர்டில் மஞ்சள் நிறத்தில் என்ஜின் படம் போட்ட விளக்கு இருக்கிறது. அது எரிந்துகொண்டே இருந்தால், சீக்கிரம் பட்டறைக்குப் போங்கள். விட்டு விட்டு எரிந்தால்? மெதுவாக ஓரம் கட்டி நிறுத்துங்கள். எரியாத பெட்ரோல் சைலன்சர் பாதைக்குப் போகிறது என்று அர்த்தம். அங்கே புகையைச் சுத்தம் செய்யும் கன்வெர்ட்டர் இருக்கிறது. பெட்ரோல் அதில் போய் எரியும். கன்வெர்ட்டர் பழுக்கக் காய்ந்து உள்ளேயே உருகிவிடும். காயில் விலை எங்கே, கன்வெர்ட்டர் விலை எங்கே!

இன்னொன்று சொல்ல மறந்துவிட்டேன். எலி! இரண்டு வாரம் நிறுத்தி வைத்த கார் திடீரென்று நடுங்கினால், முதலில் பானெட்டைத் திறந்து ஒயர்களைப் பாருங்கள். கடித்த ஒயரும் நெல் உமியும் கிடந்தால், ஸ்கேனர் கூடத் தேவை இல்லை.