அப்பா மாதிரிதானே இருப்பான்?

பினாங்கில் எந்தத் தாய் சேய் நல கிளினிக்கிற்குப் போனாலும் அம்மாக்கள் மடியில் பிள்ளையின் உடல்நலப் பதிவுப் புத்தகம் இருக்கும். ஆண் பிள்ளைக்கு நீலம், பெண் பிள்ளைக்கு இளஞ்சிவப்பு. ஊசித் தேதியை எல்லாரும் பார்க்கிறோம். எடைக் கோட்டை மிஸ்ஸி (தாதி) காட்டினால் பார்க்கிறோம். உயரத்துக்கென்று அதே புத்தகத்தில் தனியாக ஒரு கோடு இருப்பது பல வீடுகளில் தெரியாது. பிள்ளை குட்டையாக இருக்கிறானே என்று யாராவது கேட்டால், பாட்டி உடனே சொல்லிவிடுவார்: "அப்பா மாதிரிதானே இருப்பான்!"

ஐந்து வயதுக்குள் இந்தப் பதிலை அப்படியே நம்பிவிடாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் 1997 முதல் 2003 வரை பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில், தாய்ப்பால் குடித்து நல்ல சூழலில் வளர்ந்த குழந்தைகளை அளந்து பார்த்தது. தெற்கு டில்லிக் குழந்தையும் ஓஸ்லோக் குழந்தையும் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் உயர்ந்தார்கள். உலகமெங்கும் இன்று பயன்படும் 2006ஆம் ஆண்டு அளவுகோல் அதிலிருந்துதான் வந்தது.

அந்த அளவுகோலின்படி, 2022 தேசிய சுகாதார ஆய்வில் மலேசியாவின் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 21.2 சதவீதம் பேருக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. 2016இல் 20.7. பஞ்சமில்லாத நாட்டில் ஐந்தில் ஒரு பிள்ளை! இதை நாம் இன்னும் உரக்கப் பேசியிருக்க வேண்டும்.

முதல் வருடம் குழந்தை சுமார் 25 சென்டிமீட்டர் வளர்கிறது, இரண்டாம் வருடம் அதில் பாதி. கருவில் இருக்கும்போதே தாய்க்கு இரத்தச் சோகை, அடிக்கடி வயிற்றுப்போக்கு, ஆறு மாதத்துக்குப் பின் முட்டையோ மீனோ பருப்போ சேராத வெறும் கஞ்சி – இவைதான் அந்த வேகத்தைத் தடுக்கின்றன. காய்ச்சலில் இழந்த எடை சில வாரங்களில் திரும்பிவிடும். இரண்டு வயதுக்குள் இழந்த உயரத்தை மீட்பது கடினம். கொழுகொழுவென்ற பிள்ளையும் குட்டையாக இருக்கலாம் என்பதால் கண் ஏமாந்துவிடுகிறது.

இது மருத்துவமனை எட்டாத காட்டுப்புறக் கதை என்று நினைக்க வேண்டாம். கோலாலம்பூரின் மலிவுவிலை அடுக்குமாடிகளைப் பற்றி 2018இல் யுனிசெஃப் வெளியிட்ட ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்டோரில் 22 சதவீதம் பேர் குட்டை, 15 சதவீதம் பேர் எடை குறைவு. நம் ஆயர் ஈத்தாமின் ரைபிள் ரேஞ்ச் அடுக்குமாடிக்குள் போய் வந்தவர்களுக்கு அப்படிப்பட்ட வீடுகளின் நெருக்கடி விளங்கும். கிளினிக் பக்கத்தில்தான். ஆனால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போக பகலில் யாருக்கு நேரம்?

அந்தக் காலத்தில் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டப் போன தாய், பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுப் போனாள். 1972இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற வர்த்தக வட்டாரம் வந்தபின், ஷிப்ட் வேலைக்குப் போகும் தாய் பாட்டியிடமோ பக்கத்து வீட்டு அக்காவிடமோ விட்டுப் போகிறாள். பிரசவ விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளானது 2023இல்தான். இடைப்பட்ட தலைமுறைகளில் எத்தனை குழந்தைகளுக்குத் தாய்ப்பால் சீக்கிரம் நின்றிருக்கும்! அந்த இடத்தில் புட்டி வருகிறது, சில வீடுகளில் இனிப்பு டின் பாலும் வருகிறது. 1936இல் மலாயாவுக்கு வந்த டாக்டர் சிசிலி வில்லியம்ஸ், குழந்தை உணவாக டின் பாலை விற்பது கொலைக்குச் சமம் என்று 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் நேருக்கு நேர் சொன்னார். இன்றும் அந்த டின்னைக் குழந்தையின் புட்டிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

பெரும்பாலான ஊசிகள் ஒன்றரை வயதோடு முடிந்துவிடுகின்றன, கிளினிக் பயணமும் அதோடு குறைகிறது. உயரத்தைக் கவனிக்க வேண்டிய காலம் இன்னும் முடியவில்லை. பாட்டி அழைத்துப் போனாலும் புத்தகத்தைக் கொடுத்தனுப்புங்கள். இரண்டு வயதுவரை படுக்க வைத்து, அதன்பின் செருப்பில்லாமல் நிற்க வைத்து அளக்கச் சொல்லுங்கள். அடுத்தடுத்த இரு வருகையிலும் கோடு மேலே ஏறாவிட்டால், என்ன காரணம் என்று மிஸ்ஸியிடம் கேளுங்கள். சத்துக்குறைவான ஏழைக் குழந்தைகளுக்கு மாதந்தோறும் உணவுக்கூடை தரும் அரசுத் திட்டம் 1989 முதலே இருக்கிறது. கேட்பதில் வெட்கமில்லை.

அடுத்த வாரம்: தாயின் இரத்தச் சோகை.